முன்னாலேயே போட்ட டிக்

பல் டாக்டர் அவளை ‘கரண்ட்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் கையை நீட்டுவதற்குள் கருவி கையில் இருக்கும். ‘அடுத்தது’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் சாய்ந்திருப்பார். நோயாளிகளுக்கு அவள் ‘சிஸ்டர்’. உண்மையில் அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள் இல்லை. ஒரு வருடப் பயிற்சி முடித்துவிட்டு வந்த உதவியாளர். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் சிஸ்டர் என்கிறார்கள், அழைக்கிற வரைக்கும் லாபம் என்று பிறகு விட்டுவிட்டாள். அந்த க்ளினிக்கில் அவளுக்கு அது எட்டாவது வருடம்.

எட்டு வருடச் சுறுசுறுப்பில் ஒரு குறுக்கு வழியும் சேர்ந்திருந்தது. மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு தாள் உண்டு. அதில் ஏழு கட்டங்கள். இதயக் கோளாறு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா, இப்படி முதல் ஆறும் கேள்விகள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் டிக் போடுவாள். அங்கே விளையாடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது கட்டம் மட்டும் கேள்வி இல்லை. ‘மரப்பு தெளியும்வரை உண்ணக் கூடாது, உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டது.’ இதை எப்படியும் கடைசியில் சொல்லத்தானே போகிறோம்? ஆகவே காலையில் டீ ஆறுவதற்குள் அன்றைய தாள்கள் அத்தனையிலும் ஏழாவது கட்டத்தில் டிக் அடித்து அடுக்கி வைத்துவிடுவாள். டிக்கைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டது கிடையாது. அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று வந்த சிறுமிக்கு ஆறு வயது. வீட்டில் அவளைத் ‘தவளை’ என்று கூப்பிடுவார்களாம். நேராக நடந்து ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த சரித்திரமே கிடையாது, எல்லாம் தாவல்தான் என்றாள் அம்மா. அம்மாவுக்குத் தையல் வேலை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். சிறுமிக்குக் கீழ்வரிசையில், இடது பக்கக் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகிப் பாதி உடைந்திருந்தது. எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார்.

உதவியாளர் சிறுமியை எடை மிஷினில் ஏற்றினாள். குழந்தைகளுக்கு ஊசி மருந்தின் அளவை எடைதான் முடிவு செய்யும். பத்தொன்பது கிலோ. கேள்விகளைக் கேட்டாள், டிக் போட்டாள், அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள். ஏழாவது டிக் அதற்கு முன்பே அங்கே இருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை.

“இப்ப உன் பல்லைத் தூங்க வைக்கப் போறேன்” என்றார் டாக்டர்.

“நானு?”

“நீ முழிச்சுக்கிட்டே இரு. பல்லு மட்டும் தூங்கும்.”

“கொறட்டை விடுமா?”

“விட்டா சொல்லு. எழுப்பி ரெண்டு தட்டுத் தட்டறேன்.”

ஈறில் முதலில் ஜெல் தடவினார்கள். அது மேல்தோலை மட்டும் மரக்க வைக்கும், ஊசி நுழைவது தெரியாமலிருக்க. கீழ்த்தாடைப் பல்லுக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டால் பல நேரம் போதாது. எலும்பு கெட்டி, மருந்து சரியாக இறங்காது. தாடையின் பின்மூலையில், நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலிலேயே போட வேண்டும். அப்படிப் போட்டால் பல்லோடு நிற்காது. அந்தப் பக்கத்துக் கீழுதடும் பாதி நாக்கும் சேர்ந்தே மரத்துப்போகும். டாக்டர் தவளைகளைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கினார். உதவியாளர் சிறுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்துப் பல் வந்தது. சிறுமி அழவில்லை. பல்லை டப்பாவில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். உதவியாளர் அம்மாவையும் பெண்ணையும் முன்மேஜைக்குக் கூட்டிவந்து மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கியபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. தங்கை. புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கக் கடையில் நிற்கிறாள். மஞ்சளா, பச்சையா?

“மஞ்சள் அழுக்குத் தெரியும்டி” என்றாள் இவள், தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு.

“பச்சைன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு இவரு சொல்றாருக்கா.”

சிறுமி வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, மூக்கால் ஏதோ பாட்டை உரக்க இழுத்துக்கொண்டிருந்தாள். தங்கை பேசுவது காதில் விழவில்லை. உதவியாளர் சிரித்தபடி விரலை உதட்டில் வைத்து ‘உஸ்’ என்று காட்டினாள். பிறகு சீட்டை அம்மாவிடம் நீட்டி, “பஞ்சை அரை மணி நேரம் கழிச்சு எடுத்துடுங்க. வலிச்சா மட்டும் மருந்து” என்றாள்.

அம்மா நகராமல் நின்றாள். “வேற ஏதாச்சும் பாத்துக்கணுமா சிஸ்டர்?”

“அவ்வளவுதாங்க” என்று தலையாட்டிவிட்டு, “எதுக்கும் பச்சையவே எடு” என்றாள் தங்கையிடம். அம்மாவும் பெண்ணும் படியிறங்கிப் போனார்கள். உள்ளேயிருந்து டாக்டர், “கரண்ட்!” என்று கூப்பிட்டார். அவள் ஓடினாள்.

மறுநாள் காலை க்ளினிக் திறப்பதற்கு முன்பே அவர்கள் வாசலில் நின்றார்கள். இந்தமுறை மூன்று பேர். அம்மா, பெண், கூடவே அகலமான கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்மணி. அவர் சிறுமியின் அப்பாவுக்கு அக்கா. அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறவர். சிறுமியின் வாயை ஒரு கைக்குட்டை மறைத்திருந்தது. அம்மா அதை விலக்கிக் காட்டினாள். இடது பக்கக் கீழுதடு இரண்டு மடங்காக வீங்கி, ஓரம் பிய்ந்து, உட்புறம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் படர்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருடத்தில் படத்தில் மட்டும் பார்த்தது.

“ஊசியைச் சுத்தம் பண்ணாமப் போட்டிருக்கீங்க” என்று ஆரம்பித்தார் அத்தை. “சீழ் வெச்சிருக்கு பாருங்க. புள்ளை ராத்திரியெல்லாம் தண்ணிகூடக் குடிக்கலை.”

டாக்டர் விளக்கைத் திருப்பி, கையுறை விரலால் உதட்டை மெல்ல மடித்துப் பார்த்தார். “இது சீழ் இல்லைங்க. புண்ணு ஆறும்போது மேல இப்படித்தான் படரும். கடிச்சிருக்கா. நேத்து சாயங்காலம் உதட்டை மென்னுக்கிட்டே இருந்திருக்கா.”

“தன் உதட்டைத் தானே யாராவது மெல்லுவாங்களா? வலிக்காதா?” இது அம்மா. குரலே எழவில்லை.

“வலிக்காது. அதுதான் விஷயமே.” டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர். கேட்டவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுவார். “நரம்போட சுவர்ல நெடுக ரொம்பச் சின்னக் கதவுங்க இருக்கு. உப்புல இருக்கே சோடியம், அது அந்தக் கதவு வழியா உள்ள பாஞ்சாத்தான் வலிங்கிற சேதி ஒரு எடத்துலேருந்து அடுத்த எடத்துக்கு நகரும். நாங்க போடற மருந்து நரம்புக்குள்ள போயி, உள்பக்கமா அந்தக் கதவுங்களை அடைச்சுக்கும். சேதி அங்கேயே நின்னுடும். பல்லைப் பிடுங்கினாலும் மூளைக்குத் தெரியாது, உதட்டைப் பிய்ச்சாலும் தெரியாது. மருந்து ரத்தத்துல சீக்கிரம் கரைஞ்சு போயிடக் கூடாதுன்னு ரத்தக் குழாயைச் சுருக்கற மருந்தும் அதுல கொஞ்சம் கலந்திருக்கு. அதனால ரெண்டு மணி, மூணு மணி நேரம் நிக்கும். பெரியவங்களுக்கு உதடு தடிச்ச மாதிரி இருக்கும், சும்மா இருப்பாங்க. குழந்தைக்கு அது வேடிக்கை. வாயில என்னமோ புதுசா இருக்கேன்னு மெல்லும். மருந்து தெளிஞ்சப்பறம்தான் அழும்.”

“ரப்பர் மாதிரி இருந்துச்சு” என்றாள் சிறுமி, வாயைத் திறக்காமலே.

ஒவ்வொரு வாக்கியமாக அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் தட்டிலிருந்த கருவிகளை வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே அவை வரிசையாகத்தான் இருந்தன.

“இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேணாமா?” என்றார் அத்தை.

“சொல்லாம அனுப்ப மாட்டோம்” என்று டாக்டர் கை நீட்டினார். தாள் இருந்த அட்டையைக் கேட்கிறார். எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். அவர் ஏழாவது கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். “இதோ. கீழ அம்மாவோட கையெழுத்தும் இருக்கு.”

அத்தை தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தார். “சொன்னாங்களாமே?”

உதவியாளர் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடலாம். ‘இல்லைங்க, நான்தான்’ என்று இரண்டே சொல். அதற்குள் அம்மா அந்த டிக்கையும் தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சொன்னாங்க அண்ணி. உதட்டுல விரலை வெச்சுக் காட்டிக்கூடச் சொன்னாங்க. நான்தான்... கடையில நாப்பது யூனிஃபார்ம் நிக்குதுன்னு அந்த ஞாபகத்துலயே இருந்துட்டேன். மேஜைக்கு அடியில சத்தம் போடாம வெளையாடறாளேன்னு நிம்மதியா தெச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நாப்பது யூனிஃபார்ம்” என்றார் அத்தை. வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்காக மிச்சம் வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர் குளிர்ந்த ஒத்தடம், உப்புத் தண்ணீர், உதட்டில் தடவ வாஸ்லின், வலிக்கு மருந்து என்று எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் தானாக ஆறிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் போனார்கள். அம்மா வாசலில் திரும்பி நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், அண்ணி கோபத்துல ஊசி அது இதுன்னு பேசிட்டாங்க” என்றாள். மன்னிப்பு வேறு கேட்டுவிட்டுப் போகிறாள்! உதவியாளருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டரிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. “சார், அந்த அம்மாகிட்ட நான் சொல்லலை. ஃபோன்ல இருந்தேன். டிக் காலையிலேயே போட்டது.”

டாக்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“அவங்களே சொன்னாங்கன்னு சொல்லிட்டாங்களே.”

“நான் புள்ளையைப் பார்த்து ‘உஸ்’னு காட்டினேன் சார். அதை அப்படி நெனைச்சுக்கிட்டாங்க.”

“சரி. இனிமே பாத்து நடந்துக்க.”

“அவங்ககிட்ட சொல்லிடவா?”

“என்னத்துக்கு? உதடு பத்து நாள்ல ஆறிடும். நீ போய்ச் சொன்னா வர்ற புண்ணு ஆறாது. அந்த அத்தையைப் பாத்தல்ல? புகார்னு கிளம்பிட்டா நான் எந்த முகத்தோட இங்க உக்காருவேன்?” சற்றுக் குரலைத் தணித்தார். “விடும்மா. பெரிசா ஒண்ணும் ஆயிடலை.”

அவள் விட்டாள். விட முயன்றாள் என்பதுதான் சரி. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் பச்சைத் திரைச்சீலை மாட்டக் கூப்பிட்டார்கள். ஸ்டூலில் ஏறிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் இறங்கிவிட்டாள். என்னக்கா என்று தங்கை கேட்டதற்குத் தலை சுற்றுகிறது என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லுவார்களே, அவளுக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை. குழந்தை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அத்தை சொன்னது ஒவ்வொரு வாய்க்கும் நினைவு வந்தது. அதைவிடவும் அந்த அம்மா ‘சொன்னாங்க’ என்றது. இவள் செய்யாத ஒன்றைச் செய்ததாக அவள் சாட்சி சொல்கிறாள். தன்னை வெட்டிக்கொள்ளத் தானே கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கிற சாக்கில் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பாதான் எடுத்தார். பொருட்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன் ஓட்டுகிறவர்; பின்னால் சாலை இரைச்சல் கேட்டது.

“பரவால்லைங்க, வீக்கம் வத்திருக்கு. நீங்க அக்கறையா கேக்கறீங்க. எங்க வீட்டுல இருக்கே ஒண்ணு, அதுக்கு மண்டையில எதுவும் நிக்காது. டாக்டர் சொன்னதை மறந்துட்டு மிஷினைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கா. இனிமே புள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அக்காதான் பாத்துக்கறாங்க.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க...” என்றாள் இவள்.

“நீங்க ஏங்க அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க? உங்க வேலையை நீங்க சரியாத்தானே செஞ்சீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில், டாக்டரிடம் கடைவீதி வரை போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தையல் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஓர் அறை. இரண்டு மிஷின், கயிற்றில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள், தரையெங்கும் நீல நூல். அம்மா தனியாகத்தான் இருந்தாள். இவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“சிஸ்டர்! என்ன இவ்வளவு தூரம்? ஏதாவது தெக்கணுமா?”

“இல்லங்க. ஒண்ணு சொல்லணும்.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது மொத்தமும் மறந்துபோயிற்று. “அன்னிக்கு நான் உங்ககிட்ட சொல்லலை. உதட்டைக் கடிக்காமப் பாத்துக்கணும்னு. சொல்லவே இல்லை.”

அம்மா சிரித்தாள். “சொன்னீங்க சிஸ்டர். நல்லா ஞாபகம் இருக்கு. இப்படி” என்று தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“அது பாப்பாவை ‘உஸ்’னு சொன்னது. ஃபோன் பேசிக்கிட்டு இருந்தேன். நீங்க வேற ஏதாச்சும் பாத்துக்கணுமான்னு கேட்டீங்க. அவ்வளவுதாங்கன்னு சொன்னேன்.”

அம்மா விரலை எடுக்கவில்லை. உதட்டில் வைத்தது வைத்தபடியே யோசித்தாள். ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பி வருவது முகத்தில் தெரிந்தது.

“கேட்டேன்” என்றாள். “ஆமா. நான் கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“அப்ப அந்தத் தாள்ல?”

“அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சது. தினமும் அப்படித்தான் போடுவேன்.”

அம்மா உட்கார்ந்தாள். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள். “அன்னிக்கு உங்க டாக்டர் ரூம்ல நீங்க நின்னுக்கிட்டுதானே இருந்தீங்க.”

“நின்னேன்.”

“என் புள்ளை கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேன் சிஸ்டர். தெரியுமா? தூங்கும்போது. அஞ்சு நாளா அவங்கப்பா என்கிட்ட சரியாப் பேசலை. அண்ணி புள்ளையை என்கிட்ட விடறதில்லை. நானும் சரின்னு இருக்கேன். நான் அப்படிப்பட்டவதானே, என்னை நம்பி எப்படி விடுவாங்கன்னு.” அழவில்லை. குரல்தான் கெட்டியாகிக்கொண்டே போயிற்று. “என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. உங்களுக்கு பாரம் எறங்கிருச்சு. அவங்ககிட்ட யாரு சொல்லுவா? நான் சொன்னா, தப்பிக்கறதுக்காகக் கதை கட்டறேன்னுவாங்க.”

“நான் சொல்றேன்.”

“எப்ப?”

“நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப.”

“ஆறு மணிக்கு அவரு வந்துடுவாரு” என்றாள் அம்மா. மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள். இவள் போய் வருகிறேன் என்றதற்குத் தலை நிமிரவில்லை.

ஆறு மணிக்குப் போனாள். மாடி வீட்டுக் கூடத்தில் அப்பா சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை குழந்தைக்கு ஆறவைத்த கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. உதவியாளர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஃபோன், திரைச்சீலை, அம்மா கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், காலையிலேயே போட்ட டிக், ஒன்றையும் விடவில்லை. திரைச்சீலையைச் சொல்லும்போதுதான் மிகவும் கூசியது.

அப்பா ஒரு சாக்ஸைக் கையில் பிடித்தபடியே இருந்தார். “நேத்து ஃபோன்ல நான் அவ்வளவு பேசினேன். அப்பக்கூடச் சொல்லலையே நீங்க.”

“சொல்லலைங்க.”

“அஞ்சு நாளா இவளை நான்...” என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமல் எழுந்து நின்றார். மனைவியிடம் காட்ட முடியாத முகத்தை இவளிடம் திருப்பினார். “உங்க டாக்டர்கிட்ட நாளைக்கு நான் பேசிக்கறேன். போங்க.”

அத்தை ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். “அவங்க சொல்லலைதான், தப்புதான். இருந்தாலும் பெத்தவளுக்குத் தெரிய வேணாமா? ஊசி போட்ட வாயைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்க வேணாமா?”

“எனக்கு எப்படி அண்ணி தெரியும்?” என்றாள் அம்மா. அவள் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை போலிருந்தது, எல்லோரும் திரும்பினார்கள். “எனக்கு யாரு வாயில ஊசி போட்டா? உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா? அன்னிக்கு சாயங்காலம் கடைக்கு வந்தீங்களே, மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்து, என்ன சமத்தா இருக்கான்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?”

அத்தை கையிலிருந்த கிண்ணத்தை அம்மா வாங்கிக்கொண்டாள்.

குழந்தை உதவியாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நீங்கதான் மறந்தீங்களா?”

“ஆமா பாப்பா.”

“மறந்துட்டு ஏன் சொல்லலை?”

“பயமா இருந்துச்சு.”

“எதையாவது மறந்துட்டா எங்க மிஸ் அடிப்பாங்கன்னு நானும் சொல்ல மாட்டேன்” என்றாள் குழந்தை. அப்புறம் கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

படியிறங்கும்போது அம்மா பின்னால் வந்தாள். தெருக்கதவைத் திறந்துவிட்டாள். “வந்தீங்க, சொன்னீங்க. அது சரி. ஆனா எனக்குக் கோபம் போகலை சிஸ்டர். போயிடும்னு நெனைக்கறேன். எப்பன்னு கேக்காதீங்க.”

புதன்கிழமை காலை அப்பா க்ளினிக்குக்கு வந்தார். காத்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி பேசினார். எங்கே புகார் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுப்பேன் என்றார். டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உதவியாளரையும் கூப்பிட்டார். அவளிடம் ஒரு பார்வை பார்த்தார். சொல்லாதே என்று சொன்னதை மீறிவிட்டாயே என்ற பார்வை.

“இவங்க சொல்லாம விட்டது பெரிய தப்புங்க” என்று அவர் தொடங்கினார். “இவங்களை நான்...” அங்கேயே நின்றார். மேஜை மேலிருந்த அன்றைய தாள்களைப் பார்த்தார். அவற்றில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் முன்கூட்டியே போடுவதில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இவங்க காலையிலேயே டிக் போட்டு வெக்கறதை நான் பாத்திருக்கேன். நாலு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வேலை சீக்கிரம் ஆகுதேன்னு விட்டுட்டேன். அதோட, ஊசி போட்டவன் நான். சொல்ல வேண்டியவனும் நான்தான். வெள்ளிக்கிழமையே இவங்க என்கிட்ட உண்மையைச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு தடுத்தது நான். நீங்க புகார் கொடுக்கறதா இருந்தா என் பேர்ல கொடுங்க.”

அப்பா சண்டைக்குத் தயாராக வந்தவர். எதிராளி சரண் என்று கையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வரவில்லை. “என் பொண்டாட்டியை நான் என்னென்ன சொல்லிட்டேன் தெரியுமா?” என்றார் கடைசியில். அதை அவர்களிடம் கேட்கிற மாதிரியே இல்லை. புகார் எதுவும் வரவில்லை.

டாக்டர் அவளை வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார். ஊசி போட்டவர்களிடம் அவரே ஸ்டூலில் உட்கார்ந்து, எத்தனை மணிவரை கவனமாக இருக்க வேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் இவள் பேனாவை எடுப்பாள். வரிசை நீண்டது. காத்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்றிருந்தாள்.

சிறுமிக்கு வலது பக்கத்தில் இன்னொரு பல்லும் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற வேறொரு டாக்டரிடம் காட்டிக்கொண்டதாக அப்பா ஒருநாள் வேனை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்தான் என்று இவள் நினைத்தாள். நியாயம் என்று நினைத்தாலும், ஒவ்வொரு முறை ஒரு குழந்தை நாற்காலியில் ஏறும்போதும் அவளுக்குக் கை ஒருகணம் நின்றுதான் நகர்ந்தது. அது இன்னும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தையல் கடை இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. எதிர்ப்பக்க ஓரமாகவே நடந்துவிடலாம் என்றிருந்தாள். சிறுமிதான் பார்த்துவிட்டாள். இரண்டே தாவலில் வாசலுக்கு வந்து, “சிஸ்டர்!” என்று கத்தினாள். கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். ஆறிவிட்டிருந்தது. உட்புறத்தில் மட்டும் கடுகளவு ஒரு தடிப்பு.

“தொட்டுப் பாக்கறீங்களா?”

“வேணாம் பாப்பா. கை கழுவலை.”

“வலிக்காது.”

“தெரியும்.”

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தையல் ஒரு முனைக்கு வந்ததும் நூலை அறுத்தாள். பிறகு ஒரு காலை நீட்டி, எதிரே துணி குவிந்துகிடந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

“அந்தத் துணியை இப்படிப் போட்டுட்டு உக்காருங்க” என்றாள்.